ரெண்டாவது ஆணி

ஜன்னல் ஓரத்துல நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. காத்து பட்டா கன்னம் எரியுது.

பாக்குறீங்க, ஆனா கேக்க மாட்டேங்குறீங்க. பரவால்ல, கேக்கலாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல முறுக்கு விக்கிற அம்மாவே கேட்டுருச்சு, "என்னண்ணே, பூனை பிராண்டிருச்சா"ன்னு. பூனையும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல. சவரக்கத்தி. இன்னைக்குக் காலையில மட்டும் ஏழு வெட்டு. ரெண்டுக்குப் பிளாஸ்திரி, மூணுக்குப் படிகாரம். மிச்ச ரெண்டு சும்மா கீறல், அதைச் சொல்லக்கூட வேண்டியதில்ல.

இதைப் பாத்துட்டு எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதுன்னு நெனச்சுறாதீங்க. நாகல் நகர்ல வந்து குருநாதன்னு கேட்டுப் பாருங்க. "யாரு, முத்திரை குருநாதனா, வார்ல கத்தி தீட்டுவாரே அவரா"ம்பாங்க. முத்திரைங்கிறது நான் பாத்த உத்தியோகம். கடை கடையாப் போயி தராசு, எடைக்கல்லு எல்லாம் சரியா இருக்கான்னு சோதிச்சு முத்திரை குத்துற ஆய்வாளர். முப்பத்திமூணு வருஷம் சார். தட்டு ஒரு மிளகு எடைக்குச் சாஞ்சாலும் வாசல்ல நின்னே சொல்லிருவேன். அடுத்தவன் தப்பு என் கண்ணுல இருந்து தப்பாது. பெருமைக்குச் சொல்லல, பழகிப்போச்சு.

எங்கயா? கோயம்புத்தூருக்கு. மக வீட்டுக்கு. சும்மாதான், மாங்கா வத்தல் குடுக்கப் போறேன். என் சம்சாரம் தவமணி அங்கதான் இருக்கா, ஆறு வாரமாச்சு. அவளைக் கூப்புடப் போறேன்னு நெனைக்காதீங்க. வத்தல் குடுக்கத்தான் போறேன். வரணும்னு தோணுனா வரட்டும், நான் ஏன் கூப்புடணும்.

கத்தி கதைக்கு வாரேன். ரெண்டு வருஷம் முன்னாடி மாப்பிள்ளை கம்பெனி வேலையா ஜெர்மனி போயிட்டு வந்தாரு. எனக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கியாந்தாரு. பழைய காலத்துச் சவரக்கத்தி, முழு நீளம், பிடி மாட்டுக்கொம்பு. ஷோகேஸ்ல வைக்கத்தான் குடுத்தாரு. எனக்கு ஷோகேஸ் ஆகாது. உபயோகப்படாத பொருளு எதுக்கு வீட்ல? கத்தியோட கூட ஒரு தோல் வாரும் வந்துச்சு. ரெண்டு அடுக்கு, ஒண்ணு தோலு, ஒண்ணு கித்தான் துணி. ஒரு முனையில கொக்கி, இன்னொரு முனையில பிடி. இந்தக் கத்திக்கு சாணைக்கல்லு வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை போதும். ஆனா வாரு தினமும் வேணும். தினமும் வார்ல தீட்டலைன்னா அது கத்தி இல்ல, கரண்டி.

பையில இருக்கு, காட்டுறேன் இருங்க. ஏம்மா, உன் சீட்டுக் கம்பியில இதை மாட்டிக்கிறேன், முறைக்காத, அஞ்சு நிமிஷம். பயப்படாதீங்க சார், கத்தியை எடுக்கல, சீப்பை வச்சுக் காட்டுறேன்.

பாருங்க, கொக்கியை மாட்டியாச்சு. இடது கையால பிடியைப் பிடிச்சு விறைப்பா இழுக்கணும். தொங்கக்கூடாது. தொய்வா இருந்தா கத்தியோட வாய் மழுங்கிப் போகும். வெட்டுற பக்கத்தை வாய்ம்பாங்க, தடிச்ச பக்கம் முதுகு. கத்தியைப் படுக்கப் போட்டு, முதுகு முன்னாடி போகணும், வாய் பின்னாடி வரணும். வாய் முன்னாடி போச்சுன்னா வாரை வெட்டிரும். கடைசியில வந்ததும் திருப்பணும். திருப்புறப்ப முதுகை வார்ல இருந்து எடுக்கவே கூடாது, தூங்குற புள்ளை புரண்டு படுக்குற மாதிரி அது முதுகு மேலயே உருளணும். துணியில இருபது, தோல்ல அம்பது. அழுத்தவே கூடாது, கத்தியோட சொந்த எடையே போதும். இதெல்லாம் புஸ்தகத்துல இருக்கு, கம்ப்யூட்டர்ல வெள்ளைக்காரன் செஞ்சு காட்டுறான். எனக்கு மனப்பாடம்.

ஆனா புஸ்தகம் புஸ்தகம்தான். வெள்ளைக்காரன் கை வேற, நம்ம கை வேற. நான் கொஞ்சம் அழுத்தித்தான் தேய்ப்பேன், நம்மூரு தாடிக்கு அது வேணும். சத்தமும் வேணும். படார் படார்னு கேக்கணும். எதிர்வீட்டு நாய் அந்தச் சத்தத்துலதான் எந்திரிக்கும். திருப்புறப்பவும் நான் இப்படி ஒரு சுண்டு சுண்டுவேன் பாருங்க. ஸ்டைல். சீப்பு விழுந்துருச்சு, கொஞ்சம் காலை எடுங்க.

இந்த வெட்டுக்காயமெல்லாம் எப்படி வந்துச்சுன்னா? வார்லயா? இது அனுபவத்துல வர்ற தழும்பு சார். உழைக்கிற வாருக்கு இருக்கும்.

இன்னொரு விஷயம், இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஊரு உலகத்துல எல்லாரும் சவரத்துக்கு முன்னாடி தீட்டுவான். நான் பின்னாடி தீட்டுவேன். காலையில அஞ்சரைக்கு வாக்கிங் போவேன், ஆறரைக்கு வருவேன், கத்தியை எடுத்து நேரா சவரம். முடிச்சு, துடைச்சு, அதுக்கப்புறம் எழுவது தேய்ப்பு தேய்ச்சு மடக்கி வச்சிருவேன். மறுநாளுக்குத் தயாரா இருக்கும். ராத்திரி பூரா கத்தி ஓய்வெடுக்குது, பதம் உள்ள இறங்குது. எப்படி?

சிரிக்காதீங்க. ரெண்டு வருஷம் ஒரு கீறல் கிடையாது. வாக்கிங் முடிச்சு வந்து கத்தியை எடுத்தா வெண்ணெய் சார். கன்னத்துல வச்சதே தெரியாது, மயிர் தானா விலகி வழி விடும். பார்க்குல என்கூட நடக்குறவங்க வரிசையா வந்து கன்னத்தைத் தடவிப் பாத்துட்டுப் போவாங்க. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர் ரெண்டு தடவை தடவுனாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

வார் மாட்டுறதுக்குக் கொல்லைப்புறத்துல, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சேன். என் நெஞ்சு உயரத்துக்கு. நான் அஞ்சடி பதினொண்ணு. ஒரு மாசம் இருக்கும், பாத்தா அதுக்குக் கீழ முக்கால் அடி தள்ளி இன்னொரு ஆணி. யாரு என் சுவத்துல ஆணி அடிச்சதுன்னு கேட்டேன். "நான்தான், கரித்துணி மாட்ட"ன்னா தவமணி. சரின்னு விட்டுட்டேன். ஆனா ஒரு விஷயம் சொல்றேன், ரெண்டு வருஷத்துல அந்த ஆணியில ஒரு துணியை நான் பாத்ததில்ல. பொம்பளைங்க ஆணி அடிப்பாங்க, எதுக்குன்னு அவங்களுக்கே தெரியாது.

அந்த இடமே சின்ன இடம். அவ பாத்திரம் கழுவ வந்தா எங்க ரெண்டு பேருக்கும் முழங்கை முட்டிக்கும். அவ இடது கைக்காரி. எங்கம்மா இருந்த காலத்துல சொல்லிச் சொல்லி, சோறு பரிமாற மட்டும் வலது கைக்கு மாறுனா. மத்ததெல்லாம் இடதுதான். நான் வலது, அவ இடது, நடுவுல வாரு. "நீ அப்புறம் வா"ன்னு நான் சத்தம் போடுவேன். அவ அப்புறம் வருவா.

இன்னொரு தொல்லை பாசி. வாரோட துணிப்பக்கத்துல பச்சையாப் பிடிக்கும். மழைக்காலத்துல சரி, கத்திரி வெயில்லயும் பிடிக்கும். நான் சோப்புப் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவுவேன். நாலு நாள் கழிச்சு மறுபடி பச்சை. "வீட்டை ஈரமா வச்சிருக்க, வாரெல்லாம் பாசி பிடிக்குது"ன்னு வைவேன். "ஆமாங்க, ஈரந்தான்"னு சொல்லிட்டுப் போயிருவா. எதுத்துப் பேச மாட்டா, அது ஒரு நல்ல குணம். அதனால சண்டை சீக்கிரம் முடிஞ்சிரும், நான்தான் ஜெயிப்பேன்.

நடுவுல ஒரு தடவை அவ அக்கா மக கல்யாணத்துக்கு சிவகாசி போயி நாலு நாள் இருந்தா. அந்த நாலு நாளும் கத்திக்கு மூடு சரியில்ல. மோவாயில ரெண்டு, காதுக்குக் கீழ ஒண்ணு. அமாவாசை வந்துச்சு அந்த வாரம், காத்துல ஈரப்பதம் மாறும், தோலு உப்பும். நான் நோட்டுல எழுதி வச்சேன். அவ வந்த மறுநாள் அமாவாசையும் போச்சு, கத்தியும் சரியாயிருச்சு.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம், வாயைத் திறந்தா பிளாஸ்திரி இழுக்குது.

அவ வேலை பாத்தாளான்னா? பாத்தா. ஒரு பொம்பளைப்புள்ளைங்க காலேஜ்ல, தாவரவியல் துறையில லேப் உதவியாளர். முப்பத்தோரு வருஷம். தண்டு, வேரு, இலை இதையெல்லாம் நறுக்கி, கண்ணாடித் துண்டுல வச்சு மைக்ராஸ்கோப்புக்குக் குடுக்கிறது. கீரை ஆயுறதுதான், சம்பளத்தோட. அவ ஓய்வுபெற்ற அன்னைக்கு விழாவுக்குப் போயிருந்தேன். துறைத் தலைவி அம்மா மேடையில என்னமோ சொல்லி அழுதாங்க. தவமணி வெட்டுன தண்டை எழுத்து மேல வச்சா எழுத்தைப் படிக்கலாமாம், அவ்வளவு மெல்லிசாம், இனிமே அப்படி யாரு வெட்டுவாங்கன்னு. நான் போண்டாத் தட்டு எந்த வரிசையில வருதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். சாயந்தரம் ஒரு அட்டைப்பெட்டி கொண்டாந்தா. லேப்ல அவ சாமானாம். பரண்ல தூக்கிப் போட்டேன். உள்ள என்னன்னு நான் பாக்கல. கடிகாரமா இருக்கும்னு நெனச்சேன்.

சரி, ஏன் போனான்னு கேக்குறீங்க. போகலை சார், பேத்திக்குப் பரீட்சைன்னு போயிருக்கா. பேத்தி யு.கே.ஜி.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. என் தம்பி வத்தலக்குண்டுல வீடு கட்டிக் கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிஞ்சு ஹால்ல அம்பது பேரு உக்காந்து வெத்திலை போட்டுக்கிட்டிருக்கோம். "அண்ணே, கத்தி தீட்டுறதைக் காட்டு"ன்னான் தம்பி. நான் தயாராத்தான் போயிருந்தேன். புது வீட்டு ஜன்னல் கம்பியில வாரை மாட்டி ஆரம்பிச்சேன். படார் படார். புள்ளைங்கெல்லாம் கை தட்டுது. நடுவுல தவமணி பந்தி எடுத்துட்டு வந்தவ, கையில வாளியோட பக்கத்துல நின்னு மெதுவாச் சொல்றா, "ஏங்க, திருப்புறப்ப முதுகைத் தூக்காதீங்க. வாரு வெட்டுப்படுது, வாயும் மழுங்குது. அழுத்தாமத் தேய்ங்க."

அம்பது பேரு முன்னாடி. எனக்கு. என்கிட்டயே.

நான் கோவப்படல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். "நீ கீரை நறுக்குனவ. உனக்கு இதுல என்னடி தெரியும், போயி ரசத்தை எடுத்து வை"ன்னேன். ஹாலே சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா சார், நான் பாத்தேன். அப்படி ஒண்ணும் வருத்தப்பட்ட மாதிரி இல்ல. வாளியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அப்புறம் தம்பி கையை நீட்டச் சொல்லி, முடியை வழிச்சுக் காட்டலாம்னு கத்தியை வச்சேன். ஒரு முடி விழல. அவன் முடி அப்படி. எங்கப்பா வழி முடி, கம்பி. கொஞ்சம் அழுத்துனேன், தோலுதான் வந்துச்சு. மஞ்சளை வச்சு அமுக்கிக்கிட்டு உள்ள போனவன், என்னை வழியனுப்பக்கூட வெளிய வரல.

மறுநாள் காலையில நான் வாக்கிங் போயிட்டு வாரேன், தவமணி பையோட நிக்கிறா. "கோயம்புத்தூருக்குப் போயிட்டு வாரேன், மாவு அரைச்சு வச்சிருக்கேன்"னா. சரி போன்னேன். எப்ப வருவன்னு கேக்கலை. எப்பவும் வந்துருவா, என்னத்தக் கேக்குறது. பத்து நாள் கழிச்சுத்தான் பாத்தேன், அந்தக் கீழ் ஆணியைக் காணோம். பிடுங்கிட்டுப் போயிருக்கா சார். சுவத்துல ஓட்டைதான் இருக்கு. ஒரு ஆணி. அதை எதுக்குக் கோயம்புத்தூருக்கு? அங்க ஆணி கிடைக்காதா?

போன்ல பேசுவா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். எப்ப வாரேன்னு அவளும் சொல்றதில்ல. மக மட்டும் ஒரு நாள் சொல்லுச்சு, "அப்பா, அம்மா இங்க நிம்மதியா இருக்காங்க, விடுங்களேன்"ன்னு. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கல. இங்க என்ன நிம்மதி கொறஞ்சு போச்சு? ரெண்டு தட்டை எடுத்து வச்சுட்டு ஒண்ணைத் திரும்ப அடுக்குறேன் சார் தினமும். வீடு நல்லா இல்ல. அதை விடுங்க.

பழனி. பாருங்க ஏறுறாங்க, பூரா மொட்டை. அந்தச் சின்னப்புள்ளை தலையைப் பாருங்க, சந்தனத்தை வழிச்சுவிட்டா பளிங்கு. ஒரு கீறல் இல்ல. அரை பிளேடு சார். ஒரு தலைக்கு ஒண்ணு, மாட்டு, வழி, தூக்கிப் போடு. முன்னெல்லாம் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும், இதெல்லாம் ஒரு வேலையான்னு. இன்னைக்கு இந்த பஸ்ஸுலயே என் மூஞ்சிதான் மோசமா இருக்கு.

ஆமா, அவ போன பெறகுதான் ஆரம்பிச்சுச்சு. முதல் நாளே இழுத்துச்சு. ரெண்டாம் நாள் ஒரு வெட்டு. ஒரு வாரத்துல நான் பாக்குற எடமெல்லாம் பிளாஸ்திரி. சோப்பை மாத்துனேன். தண்ணியைச் சுட வச்சேன். தோலு காஞ்சுருச்சுன்னு வாருக்கு வேப்பெண்ணெய் தடவுனேன், மூணு நாள் என் மூஞ்சி மருந்துக்கடையா மணத்துச்சு. எழுவது தேய்ப்பை நூத்தம்பது ஆக்குனேன். தேய்க்கத் தேய்க்க மோசமாகுது. அதிசயம் என்னன்னா, அந்தப் பாசியும் நின்னு போச்சு. ஆறு வாரமா பச்சை இல்ல. அவ இல்லாததுல வீடு காஞ்சிருச்சுபோல.

வேற வழியில்லாம சனிக்கிழமை பாண்டித்துரை கடைக்குப் போனேன். எங்க தெரு முனையில சலூன் வச்சிருக்கான். கத்தி வந்ததுல இருந்து அவன்கிட்ட நான் சவரம் பண்றதில்ல, தொழிலைப் பத்திச் சொல்லிக் குடுக்க மட்டும் போவேன். "சார், நீங்க உக்காருங்க, பேசுங்க, பேப்பர் படிங்க, என் கத்தியை மட்டும் தொடாதீங்க"ம்பான். அவன் வாரை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தான். தடவுனான். மோந்து பாத்தான். அப்புறம் கேட்டான், "இதுல யாரு சார் இன்னொருத்தர் தீட்டுறது?"

"யாரும் இல்லயே, நான்தான்"னேன்.

"இல்ல சார், ரெண்டு கை ஓடியிருக்கு. ஒரு கை கொத்துது, ஒரு கை தடவுது. கொத்துற கை வலது. தடவுற கை இடது, இங்க பாருங்க தடம் எதிர்ப்பக்கமா சாயுது. ஒரே சீரா, கண்ணாடியாட்டம் இருக்கு. அந்தக் கைக்குக் கும்பிடு போடலாம். இந்தத் துணியோரத் தையல்ல பழசா ஒட்டியிருக்கு பாருங்க பச்சை, இது பாசி இல்ல, பதம் ஏத்துற பொடி. இதைத் தெரிஞ்சவங்கதான் போடுவாங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. வலது கையால நான் தேய்க்கிறேன், இடது கையால பிடிச்சு இழுக்கிறேன். அதைத்தான் ரெண்டு கைங்கிறான். இழுத்துப் பிடிக்கிற கை கொத்தாது, சரிதானே? பச்சையைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும், கழுவுறவன் நானு. ரெண்டு வருஷமா நான் சவரத்துக்குப் போகலைன்னு அவனுக்கு வயித்தெரிச்சல். நாலு வார்த்தை சொல்லிட்டு வந்துட்டேன்.

வாங்கிப் பாக்குறீங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க. அந்தப் பக்கம் சாயுறது தெரியுதா? தெரியுது, நானும் பாத்தேன். அதான் சொன்னேனே, இடது கை.

என்ன கேட்டீங்க? தண்டை எதை வச்சு வெட்டுவான்னா? காலேஜ்லயா? பிளேடுதான். இல்ல, இருங்க. ஒரு தடவை அவளைக் கூப்புட லேப்புக்குப் போயிருந்தேன், கல்யாணமான புதுசு. மடக்குக் கத்தி ஒண்ணு வச்சிருந்தா. நீளமா, கறுப்புப் பிடி. சவரக்கத்தி மாதிரியே இருக்கேன்னுகூட நான் கேலி பண்ணுனேன், "யாருக்குடி சவரம் பண்ற"ன்னு. மேஜை ஓரத்துல ஒரு பட்டையைத் தொங்கவிட்டு அதுல...

அதுல தேய்ச்சுக்கிட்டிருந்தா.

சத்தமே இல்லாம.

ஜன்னலைத் தெறந்துவிடுங்க, எரிஞ்சா எரியட்டும்.

...

பொள்ளாச்சியா? உடுமலை எப்பப் போச்சு? நான் பாக்கவே இல்ல. நீங்க நல்ல மனுஷன், ஒண்ணுமே கேக்காம வந்துட்டீங்க. மூஞ்சியைத் துடைச்சுக்கிறேன், ஒண்ணுமில்ல, படிகாரம் உருகி இறங்குது.

முதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. மறைக்க மாட்டேன். என் கத்தியை என்னைக் கேக்காம எப்படித் தொடலாம்? நான் அஞ்சரைக்குப் போறேன், ஆறரைக்கு வாரேன். அந்த ஒரு மணி நேரத்துல வாரை எடுத்து, அவ உயரத்துக்கு அடிச்ச ஆணியில மாட்டி, பொடி போட்டு, துணியில இருபது, தோல்ல அம்பது. வாரைத் திரும்ப என் ஆணிக்கு மாத்திட்டு, அடுப்புல காபி வச்சிருப்பா. நான் வருவேன். வெண்ணெய் மாதிரி வழிப்பேன். அப்புறம் அவ கண்ணு முன்னாடியே படார் படார்னு அடிச்சு அத்தனையையும் கெடுத்து மடக்கி வைப்பேன். மறுநாள் அவ முதல்ல இருந்து. நான் பொடியைக் கழுவுவேன், அவ திரும்பப் போடுவா. ஈரமா வச்சிருக்கன்னு வேற வஞ்சிருக்கேன். ரெண்டு வருஷம் சார். ஒரு நாளாவது அவ முகம் சுளிச்சு நான் பாத்ததில்ல. நான் எங்க பாத்தேன், கண்ணாடியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

தலைமையாசிரியர் தடவிப் பாத்தது என் கை வேலையை இல்ல.

என் மூஞ்சி வெட்டுப்படக் கூடாதுன்னு செஞ்சிருக்கா. வேற என்ன? அவளுக்கு அதுல என்ன லாபம்? யாருகிட்டயும் பெருமையடிக்கல, தன்னோட அக்காகிட்டகூடச் சொல்லியிருக்க மாட்டா. சொல்லியிருக்கலாம்ல என்கிட்டன்னு ரொம்ப தூரம் அவளைத் திட்டிக்கிட்டே வந்தேன், மனசுக்குள்ள. வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னன்னு. அப்புறம்தான் சார் உறைச்சுச்சு. சொன்னாளே. ரசவாளியைக் கையில வச்சுக்கிட்டு சொன்னாளே.

அம்பது பேரும் சிரிச்சது இப்பக் கேக்குது. அவ சிரிச்சதும்.

முப்பத்தோரு வருஷம் அவ என்ன வேலை பாத்தான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எத்தனை கடையில தட்டைத் தட்டி, "உன் தராசு சரியில்லய்யா"ன்னு அதட்டியிருக்கேன். எவனாவது ஒருத்தன் திருப்பிக் கேட்டிருக்கணும். எவன் கேப்பான், நான் சர்க்காரு.

வத்தல் குடுக்கப் போறேன்னு சொன்னது பொய் சார். மக வீட்டு மாடியிலயே மாங்கா காயுது, அவங்களுக்கு எதுக்கு என் வத்தல். கூப்புடத்தான் போறேன். ஆனா வான்னு சொன்னா வர மாட்டா, தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சுக்கன்னு சொல்லலாம். சொன்னதில்ல இதுவரைக்கும், வாயில வருமான்னு தெரியல. கூட்டமா இருந்தா சொல்லிரலாம்னு தோணுது. அம்பது பேரு முன்னாடி சொன்னதை அம்பது பேரு முன்னாடிதான் எடுக்கணும். மாப்பிள்ளையோட அப்பா அம்மா அங்க இருப்பாங்க, அப்பார்ட்மெண்டுல பக்கத்து வீடு ரெண்டு இருக்கு. தேறும்.

கத்தியைப் பையில கொண்டாந்திருக்கேன். நல்லதாப்போச்சு. இந்த மூஞ்சியோடயே போறேன், பிளாஸ்திரியைக்கூட எடுக்கப்போறதில்ல. அவ பாக்கட்டும். பாத்ததும் புரிஞ்சிரும் அவளுக்கு. அவதான் தீட்டுனான்னு எனக்குத் தெரியும்னு காட்டிக்கணுமா, வேணாமான்னு மட்டும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

உக்கடம் வந்துருச்சு. அந்தப் பையை எடுங்க, நன்றி. வாரையும் குடுங்க, சுருட்டாதீங்க, மடிப்பு விழுந்தா அவ கோவிச்சுக்குவா.

ஒரு தப்புப் பண்ணிட்டேன் சார். அவ ஆணியைப் பிடுங்குன ஓட்டை இருந்துச்சுல்ல, சுவரு அசிங்கமா இருக்குன்னு போன வாரம்தான் வெள்ளை சிமெண்டு குழைச்சு அடைச்சேன். மேல சுண்ணாம்பும் அடிச்சுட்டேன், இப்ப எடம் தெரியாது. முப்பத்திமூணு வருஷம் ஊரு அளவையெல்லாம் சோதிச்சவன் நான். ஆணியை எந்த உயரத்துல அடிக்கணும்னு இனி அவளைத்தான் கேக்கணும்.